பள்ளங்கி பிரிவில் இறங்கியவன்

முறத்து மாவில் மூன்றாம் நாள் காலையிலும் ஒரு கோடுகூட விழவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்தால், அவர் படுத்த இடத்தில் விளக்கேற்றி, ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் முறத்தில் அரிசி மாவைப் பரப்பிக் கூடையால் மூடிவைப்போம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து அம்மாவின் ஆட்கள் கொண்டுவந்த வழக்கம். இறந்தவர் வீடு வந்து சேர்ந்துவிட்டால் மாவில் ஏதாவது தடம் தெரியும். கோழிக்கால் மாதிரியோ எறும்பு ஊர்ந்த மாதிரியோ எது விழுந்தாலும் போதும், வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று காலையும் அம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தாள். மாவு அவள் தட்டிவைத்தபடியே வழவழவென்று இருந்தது.

"ஏலே, குழிமேட்டுலருந்து வாரப்ப வழியில எங்கயாச்சும் நின்னீங்களா?"

"இல்லம்மா. நேராத்தான் வந்தோம்."

அது பொய். அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

இறந்தது என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு கேரட் வயலுக்குப் போனவன், பிறகு கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி, அப்படியே சமையல் கற்றுக்கொண்டு வளைகுடாவுக்குப் போனான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்கவைத்தவன் அவன். வரலாறு படித்தேன். இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை.

வளைகுடாவில் அண்ணன் வேலை பார்த்த அதே ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மதினியை நாங்கள் போன் திரையில்தான் பார்த்திருந்தோம். அம்மா ஒவ்வொரு முறையும் "நல்லாருக்கியா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை என் பக்கம் தள்ளிவிடுவாள். திரையில் மதினி புருவத்தை மட்டும் மேலே தூக்குவாள். அவர்கள் ஊரில் 'ஆமாம்' என்று சொல்வது அப்படித்தான். "வாயத் திறந்து சொன்னா கொறஞ்சா போயிருவா" என்பாள் அம்மா.

ஒருநாள் வேலை முடிந்து, சாப்பிட்டுப் படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வயது, ஒரு நோய் நொடி கிடையாது. மதினி அந்நேரம் ஓட்டலில் வேலையில் இருந்திருக்கிறாள். இப்படிச் சாவதற்குத் தங்கள் ஊரில் தனியாக ஒரு பேரே உண்டு என்று பின்னால் சொன்னாள். திடகாத்திரமான ஆண்களாகப் பார்த்து, தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குமாம். பக்கத்தில் ஆள் இருந்து கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்களாம். "நான் இருந்திருந்தால் கடித்திருப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பெட்டி மதுரையில் இறங்கியது. அதே விமானத்தில் மதினியும் வந்தாள். ஆம்புலன்ஸில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மலையேறினாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாளே தவிர, முன் சீட்டுக்கு வரவில்லை. வாசலில் இறங்கியதும் நேராக அம்மாவிடம் போய், அம்மாவின் வலது கையைப் பிடித்துக் குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அம்மா கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கையை எதுக்குப் புடிக்கிறா? எம் புள்ளய எறக்கச் சொல்லு மொதல்ல."

பெரியவர்களைக் கும்பிடும் முறை அது என்று அப்போது எனக்கும் தெரியாது.

எங்கள் பெண்கள் குழிமேட்டுக்கு வருவதில்லை. தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். மதினி நிற்கவில்லை. ஒரு பெரியவர் கைநீட்டி மறித்தார். "இவ்வளவு கடல் தாண்டிக் கூடவே வந்தேன். இன்னும் இந்தப் பாதைதான் பாக்கி. வரக்கூடாதா என்று கேள்" என்றாள். கேட்டேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

மண் தள்ளி முடித்ததும் ஆண்கள் ஓடையில் குளித்துவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். மதினிக்குக் காலெல்லாம் கொப்புளம், அந்த ஏற்றம் ஆகாது. கேரட் மூட்டை ஏற்றும் ஜீப் ஒன்று ரோட்டில் நின்றது. அவளை அதில் ஏற்றிக்கொண்டு, ஈரத்துண்டோடு நானே ஓட்டினேன். பள்ளங்கி பிரிவை நெருங்கும்போது என் தோளைத் தொட்டாள்.

"நேராக வீட்டுக்குப் போகாதே. எங்கேயாவது நிறுத்து. ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்."

ஏன் என்று கேட்டேன். சாவு வீட்டிலிருந்தோ கல்லறையிலிருந்தோ நேரே வீடு திரும்பினால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார். வழியில் ஓரிடத்தில் நின்று அவரை உதறிவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். அதற்கு 'பாக்பாக்' என்று பேராம். தூசி தட்டுவதற்கும் அதே சொல்தானாம்.

நமக்கு இது நேர் எதிர். குழிமேட்டிலிருந்து வருகிறவன் அடுத்தவர் வாசலை மிதிக்கக் கூடாது, குளித்துவிட்டு நேரே தன் வீட்டுக்குப் போகவேண்டும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் நிறுத்தினேன். வந்த இடத்தில் ஒரு பெண் கேட்கிறாள், எப்படி மறுப்பது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பெட்டியைத் திறந்தபோது அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது, என்னிடம் ஏதோ கேட்க வந்தவன் மாதிரி. அந்த முகத்தோடு அவன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

பிரிவில் இருக்கிற டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னலே இது, ஈரத்துண்டோட? சோலிய முடிச்சிட்டு நேரா எங்கடைக்கா வாரீக?"

"மதினிக்குத் தலை சுத்துதுண்ணே. ஒரே ஒரு டீ."

"தலை சுத்துறது ஒம் மதினிக்கு. நாளைக்கு ஒக்காந்து ஈ ஓட்டப்போறது நானுல்ல." சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தபின் அவரால் மறுக்க முடியவில்லை.

மதினி பெஞ்சின் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாதி டீ குடித்தாள். எழுந்து தோள்களைத் தட்டினாள், துப்பட்டாவை உதறினாள், பாவாடையின் ஓரத்தை உதறினாள். மீதி டீயைப் பெஞ்சின் காலியான பக்கம் நகர்த்தி வைத்து, அந்தப் பக்கம் பார்த்து அவள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். ஜீப்பில் ஏறியபின் அவள் திரும்பவே இல்லை. நான் திரும்பினேன். பனி இறங்கியிருந்தது. பெஞ்சில் அந்தக் கிளாஸிலிருந்து மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் டீக்கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். வந்தவர் கைகொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். "அன்னைக்கு ஒங்க மருமக எங்கடையில மயங்கி விழப் பாத்துச்சே அக்கா, இப்பத் தேவலையா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டார்.

அவர் தெரு தாண்டும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"எம் புள்ளய வழியில எறக்கிவிட்டுட்டு வந்திருக்கீக ரெண்டு பேரும். அதான் மாவுல ஒண்ணும் விழுகல. அவன் அங்கன ஒக்காந்துக்கிட்டு, யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போவாகன்னு பாத்துக்கிட்டுல்ல இருப்பான்!" என் பக்கம் திரும்பினாள். "படிச்சவன். நேரா வந்தோம்னு சொன்னவன்."

மதினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "அம்மா என்ன சொல்கிறார்?"

"வருத்தமாக இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

மதினி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உதடு மட்டும் விரிந்த சிரிப்பு.

"சிரிக்கிறா பாருலே! புருசனைப் பொதச்சு நாலு நாளாகல, சிரிக்கிறா!"

அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா தினமும் பிரிவுக்கு நடந்துபோய் அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர ஆரம்பித்தாள். மதினியோடு பேச்சு நின்றுபோனது. மதினிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் லீவு. அம்மா முகத்தில் முழிக்காமலே திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்கு அடித்துக்கொண்டது. அதைவிட, மகன் ரோட்டில் கிடக்கிறான் என்று அம்மா மீதிக் காலத்தையும் அந்தப் பெஞ்சில் கழித்துவிடுவாளோ என்று.

அந்த நாட்களில் நான் மதினியின் நாட்டைப் பற்றிப் படித்தேன். ஒன்று புரியவில்லையென்றால் படி என்றுதான் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லியிருந்தது, வேறு வழி எனக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான தீவுகள். அங்கே ஒருநாளும் கால் வைக்காத ஸ்பெயின் அரசன் ஒருவனின் பெயர் அந்த நாட்டுக்கு. முந்நூறு வருடத்துக்கு மேல் ஸ்பெயின்காரர்கள், பிறகு அமெரிக்கர்கள், நடுவில் ஜப்பான்காரர்கள். எல்லோரும் போனபிறகு, அந்த ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள், அடுத்த நாட்டுக் கப்பல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அடுப்படிகளுக்கும். அந்த மக்களின் குணம் என்று ஒரு கட்டுரையில் இருந்ததை நோட்டில்கூட எழுதிவைத்தேன். பொறுமைசாலிகள், விருந்தோம்பல் மிக்கவர்கள், எந்தத் துன்பத்திலும் சிரித்த முகம் மாறாதவர்கள்.

அம்மாவும் மதினியும் பின்கட்டில் ஆளுக்கொரு மூலையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தபோது மதினியிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"யார் எழுதியது இது? எங்கள் முதலாளியா?" என்றாள்.

கட்டுரையில் இருந்ததையும் அவள் கேட்டதையும் அம்மாவுக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னேன். அம்மா பீன்ஸைப் பார்த்தே பேசினாள்.

"எங்களயும் தோட்டத்துத் தொரை அப்படித்தான் சொல்லுவான். அடங்குன சனம், அட்டை கடிச்சாக்கூடச் சத்தம் போடாதுன்னு. சத்தம் போட்டா எவன் கேக்கப்போறான்? எங்களுக்கு வலிக்காதுன்னு நெனச்சுக்கிட்டான் கிறுக்குப் பய."

மதினிக்கு இதைச் சொன்னபோது அவள் நிஜமாகவே சிரித்தாள், கண்ணெல்லாம் சுருங்க. இதுவரை பார்த்த சிரிப்பு வேறு, இது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. பெரியவர்கள் கோபப்படும்போது மனதில் இருப்பதை முகத்தில் காட்டுவது மரியாதை இல்லை, சிரித்து மூடிக்கொள்ளத்தான் சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அவள் ஊரில் எல்லோருடைய குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில்தான் தொடங்குமாம். எப்போதோ ஒரு வெள்ளைக்கார ஆளுநர் பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பி, ஊருக்கு இத்தனை பக்கம் என்று கிழித்துக் கொடுத்ததில் அமைந்த பெயர்களாம்.

"எனக்கு மட்டும் என்ன" என்றாள் அம்மா. "எங்காத்தா வச்ச பேரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாயில நொழையல. அவன் எழுதுன பேருலதான் கப்பலேறி வந்தேன். இன்னைக்கும் ரேசன் கார்டுல அந்தப் பேருதான்."

பீன்ஸ் நார் மடியில் குவிந்துகொண்டே இருந்தது. அம்மா யாரும் கேட்காமலே மேலே சொன்னாள்.

"எங்கப்பாவத் தேயிலைக்குள்ள பொதச்சு ரெண்டு மாசம் ஆகல, ஒங்க நாட்டுக்குப் போங்கன்னு ஏத்திவிட்டுட்டான். கப்பல்ல எங்காத்தா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்துச்சு. என்னத்தா பாக்குறேன்னேன். ஒங்கப்பா பின்னால வாராரான்னு பாக்குறேன்னுச்சு. வரல. கடலைத் தாண்டி வரமாட்டாக போல. இங்கன வந்து எத்தனையோ நாளு மாவு வச்சுப் பாத்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "இவன் கடலைத் தாண்டி வந்துட்டான்லே. பள்ளங்கி பிரிவு வரைக்கும் வந்துட்டான்" என்றாள்.

இதை நான் மதினிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதில் சொல்வாள், பதிலை அம்மாவுக்குச் சொல்லவேண்டும், பேச்சு என் பயத்தில் வந்து நிற்கும். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது என் வாய் ஒன்றுதான். அதை நான் எனக்குச் சௌகரியமாக மூடிவைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படையல் போட்டோம். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. மதினி இலையைப் பார்த்ததும் "எங்களிடமும் இது உண்டு" என்றாள். பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது இன்னொரு தட்டு எடுத்துவந்து தன் பக்கத்தில் வைத்தாள். முதல் பிடிச் சோற்றை அதில் வைத்துவிட்டுத்தான் தன் தட்டில் கைவைத்தாள். அவர்கள் ஊரில் இறந்தவருக்கு இப்படித் தட்டு வைப்பார்களாம்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவகிட்டக் கேளுலே. இம்புட்டுப் பாசமாச் சோறு வைக்கிறவ, எதுக்கு எம் புள்ளய ரோட்டுல விட்டா?"

கேட்டேன். மதினி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பத்து வயதில் அவளுடைய அப்பா இறந்திருக்கிறார். அடக்கம் முடிந்து எல்லோரும் எங்கோ நின்று வர, மழைக்குப் பயந்து இவள் மட்டும் நேராக வீட்டுக்கு ஓடிவிட்டாள். வீட்டில் தம்பி இருந்தான். அன்று அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்தில் போய்விட்டான். நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று அவளுடைய அம்மா சாகும்வரை வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்லாமலே பார்ப்பாளாம்.

"இந்த வீட்டில் அம்மா இருக்கிறாரே என்றுதான் நிறுத்தச் சொன்னேன்."

இந்த முறை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கும் பயமா இருந்துச்சும்மா. அண்ணன் மூஞ்சியப் பாக்கப் பயந்துதான் நிறுத்துனேன்" என்றேன்.

அம்மா மதினி பக்கம் திரும்பினாள்.

"எத்தன வயசு அந்தப் பயலுக்கு?"

"ஆறாம்."

"அவ தட்டுல சோறு கொறஞ்சு கெடக்கு. போடு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மழையில ஒன்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுனவன்லே அவன். அவனுக்கா பயந்த?"

அவ்வளவுதான். அதற்குமேல் அம்மா இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மதினி கிளம்பிய அன்று வெள்ளனே ஜீப் வந்தது. நான் அவளைக் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் விடவேண்டும். அம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தானும் ஏறினாள். "பிரிவு வரைக்கும் வாரேன்."

டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டாள்.

"நாலு டீ போடு" என்றாள்.

கடைக்காரர் எங்களை எண்ணினார். பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தார். ஏதாவது கிண்டலாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அதுக்குச் சீனி தூக்கலாக்கா?" என்றார்.

"ஆமாப்பா. தூக்கலாத்தான்."

நாலாவது கிளாஸைக் காலி இடத்தில் அவரே கொண்டுவந்து வைத்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, வேலைக்குப் போகிறவனை எழுப்புவது மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

"குடிச்சிட்டுக் கெளம்புய்யா. நானே வந்திருக்கேன்ல. வெரசா வா, பனி எறங்குது."

மதினிக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்த தமிழ் கொஞ்சம்தான். அதில் ஒன்றை எடுத்து அவளும் அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "வாங்க. சாப்பிடலாம்." கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்லரைத் துடைத்தார்.

அம்மா பெஞ்சடி மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுந்து மதினி முன்னால் நின்று, தன் வலது கையைத் தானாகவே நீட்டினாள். மதினி குனிந்து அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு அம்மா குறுக்குப் பாதையில் இறங்கி நடந்தாள். இறந்தவரை அழைத்துப் போகிறவர் வழியில் யாரோடும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பூண்டு வயல் தாண்டிப் பனிக்குள் போகும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மதினி போனில் வந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து போனைத் தானே வாங்கிக்கொண்டாள். மதினி ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் சொல்வதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வந்துட்டான்னு சொல்லு. மறுநா காலையிலேயே வந்துட்டான். மாவுல அஞ்சு வெரலும் அப்படியே விழுந்துருக்குன்னு சொல்லு."

சொன்னேன். மதினி புருவத்தை மேலே தூக்கினாள். "நல்லது. ரொம்ப நல்லது" என்றாள். சிரித்தாள். உதடு மட்டும் விரிந்தது; எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் போனை நகர்த்தியபோது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் திரையில் வந்துபோனது. அதில் இரண்டு தட்டுச் சோறு இருந்தது. ஒன்றில் பாதி சாப்பிட்டிருந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு பிடிச் சோறும் அவித்த முட்டையும். அறையில் வேறு யாருமில்லை.

போன் வைத்தபிறகு அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பதினாறு முடிந்து எத்தனையோ நாளாகியும் அதை அவள் எடுத்துவைக்கவில்லை.

"இன்னும் ஒண்ணும் விழுகலலே. அவகிட்டச் சொல்லிராத. தூரத்துல தனியாக் கெடக்குற புள்ள."

சொன்னபடியே மாவை விரலால் நிரவி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். திரையில் பார்த்த இரண்டாவது தட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லாமல், விளக்குக்கு எண்ணெய் இருக்கா என்று கேட்டேன்.